ஈரக்காற்றும் உலோகப் பூச்சும்: கேள்வி பதில்

ரங்கூனில் இரும்பு, செம்பு, பித்தளை ஆகியவற்றுக்கு வண்ணம் பூசுவதையும் தங்க ரேக்கு என்னும் மிக மெல்லிய தங்கத் தாளை ஒட்டுவதையும் நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பர்மாவின் பல ஊர்களிலிருந்து நம் தமிழர் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு என் பட்டறை அனுபவத்திலிருந்து விடை எழுதியிருக்கிறேன். நீண்ட கேள்விகளைச் சுருக்கியுள்ளேன்.

மோல்மேன் அன்பர்: வீட்டு இரும்பு கேட்டுக்கு ஆண்டுதோறும் எனாமல் அடிக்கிறோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கம்பிகளின் ஓரங்களில் துரு கிளம்பிவிடுகிறது. ஏன்?

ஓரங்களில் துரு வருகிறது என்று நீங்கள் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. ஈரமான பெயிண்ட் கூர்மையான விளிம்பில் தங்காமல் இருபுறமும் விலகிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே தட்டையான இடத்தில் எத்தனை கனமாகப் பூசினாலும் விளிம்பில் மெல்லிய படலமே மிஞ்சும். கூர்மையை அரத்தால் சற்று மழுக்கி, விளிம்புகளுக்கும் வெல்டிங் வைத்த இடங்களுக்கும் திருகாணித் தலைகளுக்கும் மட்டும் சிறு பிரஷால் தனியாக ஒரு கை பிரைமர் கொடுத்துவிட்டு, அதன் பிறகு முழு கேட்டுக்கும் அடியுங்கள். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரில் இருக்கும் நிறமி துருவைத் தடுக்கும் பொருளன்று. விலை கூடினாலும் உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமரே ஏற்றது. பழைய கேட்டாக இருந்து, அடியில் ஈயம் கலந்த செந்நிறப் பூச்சு இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதில் சலுகையே கூடாது.

அதே அன்பர்: மழைக்காலத்தில் வேலை செய்யவே முடியாதா?

மே முதல் அக்டோபர் வரை வெளிவேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. தவிர்க்க முடியாதபோது ஒரு சோதனை செய்வேன். நனைத்துப் பிழிந்த துணியால் இரும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடவு தடவி, கடிகாரத்தைப் பார்ப்பேன். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் தானே காய்ந்துவிட்டால் பூசலாம். காயாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பனி அந்த இரும்பின் மேல் படிந்துகொண்டிருக்கிறது என்று கொண்டு டப்பாவை மூடிவிடுவேன். விடியற்காலை இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் அந்த நேரமே மிக ஆபத்தானது.

தட்டோன் கடைக்காரர்: புதிய நாகத்தகட்டுக் (துத்தநாகம் பூசிய இரும்புத்தகடு) கூரைக்கு நல்ல எனாமல்தான் அடித்தேன். ஓராண்டில் தாள் தாளாக உரிந்து வருகிறது.

நல்ல எனாமல் என்பதுதான் இங்கே வினையாயிற்று. எனாமலில் உள்ள எண்ணெயின் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து, பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சோப்பைப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். ஈரம் பட்டதும் அது வழுக்கிவிட, மேலிருப்பது உரிந்து வருகிறது. தளர்ந்ததையெல்லாம் சுரண்டி, தகட்டைச் சோப்புநீரில் கழுவி அலசிக் காயவைத்து, நாகத்தகட்டுக்கென விற்கும், உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரையோ அக்ரிலிக் பிரைமரையோ அடித்துவிட்டு அக்ரிலிக் பெயிண்ட் பூசுங்கள். கழுவியபின் தண்ணீர் தகட்டின் மேல் விரிந்து ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

கோயில் தர்மகர்த்தா ஒருவர்: செம்புக் கலசங்களுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிப்பதா, ரேக்கு ஒட்டுவதா? கும்பாபிஷேகத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது.

தங்கப் பெயிண்ட் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். அது திறந்தவெளியில் சில மாதங்களிலேயே பழுப்பேறும். மலிவான பித்தளை ரேக்குக்கும் இதே கதிதான்; மேலே வார்னிஷ் அடித்தால் கொஞ்சம் தாங்கும். அசல் தங்க ரேக்கோ கருப்பதில்லை. அதன்மேல் வார்னிஷ் போடுவது வீண் மட்டுமன்று, ஒளியையும் மங்கச் செய்துவிடும். மாந்தலேயில் மூங்கில் தாள்களுக்கிடையே வைத்துச் சுத்தியலால் மணிக்கணக்கில் அடித்துச் செய்யும் ரேக்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, பெயிண்ட் டப்பாவைத் தேடுவது எனக்கு மனமொப்பாத காரியம்.

ஆனால் ரேக்கு மிக மிக மெல்லியது. கீழே உள்ள ஒவ்வொரு கீறலையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். செம்பை நன்கு தேய்த்து, எட்ச் பிரைமர் கொடுத்து, அதன்மேல் மஞ்சள் எனாமல் இரு கை பூசி, ஒவ்வொரு கையும் முழுதாக இறுகியபின் நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெயில் செய்த ஒட்டுப்பசையை, தூரிகையை இழுத்து இழுத்து, எங்கும் தேங்காதபடி மிக மெல்லியதாகப் பூச வேண்டும். அது எப்போது பதமாகும் என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். நடுவிரலை மடக்கி, அதன் கணுவைப் பசையின்மேல் மெதுவாக ஒற்றி எடுங்கள். கணுவில் எதுவும் ஒட்டாமல், எடுக்கும்போது 'டிக்' என்ற சிறு ஓசை மட்டும் கேட்டால் ரேக்கு வைக்கலாம்.

இளமையில் நான் ஒரு கோயிலின் கலசத்துக்கு, நிர்வாகத்தார் அவசரப்படுத்தினார்கள் என்று, அந்த ஓசை வருமுன்னரே ரேக்கை வைத்துவிட்டேன். தங்கம் பசைக்குள் மூழ்கி, மறுநாள் வெயிலில் பார்த்தபோது பழைய மஞ்சள் துணியைப்போல் மங்கிக் கிடந்தது. அத்தனையையும் சுரண்டியெடுத்து என் செலவில் மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். உங்களுக்கு ஒரு மாதம் போதும். ஆனால் அதில் மூன்று வாரம் பிரைமருக்கும் எனாமலுக்கும் உரியது.

மாந்தலே மாணவர்: பர்மியர் 'திட்சி' என்னும் மரப்பாலைக்கொண்டு ரேக்கு ஒட்டுகிறார்களே, அது சிறந்ததல்லவா?

சிறந்ததுதான், பழகியவர் கைக்கு. எண்ணெய்ப் பசை இறுகுவதற்கு உலர்ந்த காற்று வேண்டும். திட்சிக்கோ ஈரக்காற்று வேண்டும். நம் மழைக்காலம் எனக்குப் பகை, திட்சியைக் கையாளும் அரக்கு வேலைக்காரருக்கு உறவு. மரத்தையும் மூங்கிலையும் போல உலோகம் அதை உறிஞ்சிக்கொள்ளாது என்பதால், உலோகத்தில் அது உறுதியாகப் பிடிக்கச் சூட்டில் வைத்து இறுகச் செய்யும் முறையும் உண்டு. கூரைமேல் நிற்கும் கலசத்தை அடுப்பில் வைக்க முடியாதே. மேலும், காயாத திட்சி தோலில் பட்டால் பலருக்குக் கடும் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பெகு அடியார் ஒருவர்: அம்மனின் செம்புக் கவசத்துக்கு ஆண்டுதோறும் பழைய ரேக்கின் மேலேயே புதிய ரேக்கு ஒட்டலாமா?

மாந்தலே மகாமுனி புத்தரைத் தரிசித்திருப்பீர்கள். அது வெண்கலச் சிலை. பக்தர்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டிய ரேக்கு உடல் முழுவதும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கனத்துக்குத் திரண்டு, மேடும் பள்ளமுமாய், உருவின் நுணுக்கங்களை மறைத்துவிட்டது. நாள்தோறும் அதிகாலையில் கழுவித் துடைக்கும் முகம் மட்டும் வழவழப்பாக, ஒளியோடு இருக்கிறது. அங்கே ஒட்டுவதே வழிபாடு. ஆகவே அது அவர்களுக்குப் பொருந்தும். உங்கள் கவசத்திலோ கண்ணிமையும் மூக்குத்தியும் தெரிய வேண்டும். தேய்ந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போடுங்கள்; இரண்டு மூன்று முறை ஒட்டியபின் முழுவதையும் களைந்து புதிதாக ஒட்டுங்கள்.

ரங்கூன் இல்லத்தரசி ஒருவர்: பித்தளைக் குத்துவிளக்கு கருக்காமலிருக்க லாக்கர் என்னும் நிறமற்ற பூச்சு அடிக்கலாமா? புளியில் ஊறவைத்தபின் இளஞ்சிவப்பாகிவிட்டது.

ஏற்றும் விளக்குக்கு வேண்டாம், அம்மா. திரிச் சூட்டில் லாக்கர் கருகித் திட்டுத்திட்டாகும். காட்சிக்கு மட்டும் வைக்கும் விளக்கென்றால் கைரேகை படாமல் துடைத்து அடிக்கலாம். சிவப்புக்குக் காரணம், புளியின் அமிலம் மேற்பரப்பிலிருந்த துத்தநாகத்தை அரித்துச் செம்பை மட்டும் விட்டுவைத்ததுதான். மெருகுத் தூளால் தேய்த்தால் சிவப்பு போய்விடும். இனி ஊறவைக்காமல், புளியைத் தேய்த்த உடனே அலசிவிடுங்கள்.

சிரியம் அன்பர்: இரும்பு கிராதியைப் பச்சைக் களிம்புப் பாசி பிடித்த பழைய வெண்கலம்போல் காட்ட விரும்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை. பிரைமருக்கு மேல் கரும்பழுப்பு எனாமல் பூசி நன்கு காயவிடுங்கள். வெளிர்பச்சையில் நீலம் ஒரு துளியும் வெள்ளை சிறிதும் சேர்த்து, டர்பெண்டைனும் ஆளிவிதை எண்ணெயும் விட்டு மோர்போல் நீர்க்கக் கரைத்து, பூவேலையின் பள்ளங்களில் மட்டும் ஏற்றுங்கள். சில நிமிடம் கழித்துத் துணியால் மேடுகளை மட்டும் துடைத்துவிட்டால், பள்ளத்தில் பச்சையும் முகட்டில் பழுப்பும் நிற்கும். பலர் செய்யும் தவறு, பச்சையை எங்கும் சமமாகத் தெளித்துவிடுவது. உண்மையான செம்புப் பாசி மழைநீர் போகும் வழியில்தான் பிடிக்கும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஒரு குவளைத் தண்ணீரைக் கிராதியின் உச்சியில் ஊற்றி, அது எந்தக் கொடியில் இறங்கி எந்த இலை மடிப்பில் தேங்குகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சை அங்கே மட்டும் போகட்டும்.