பூஞ்சை பிடித்த கல்யாணக் கேசட்டை டெக்கில் போடலாமா?

கேள்வி: 1993-இல் நடந்த எங்கள் திருமண வி.எச்.எஸ். கேசட்டுகள் மூன்று இருக்கின்றன. மாமனார் வீட்டில் கேசட்டை ஓட்டும் பழைய டெக் (வி.சி.ஆர்.) இருக்கிறது. கணினியில் ஏற்ற யூ.எஸ்.பி. கருவியும் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு கேசட்டில், கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: அதை மட்டும் ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் முப்பது ஆண்டு அலமாரியில் கிடந்த கேசட்டில் அது வராமல் இருந்தால்தான் வியப்பு. அப்படியே ஓட்டினால் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் தூள் அப்பிக்கொண்டு படம் மங்கும். ஒட்டிக்கிடக்கும் இடத்தில் நாடா அறுந்தும் போகலாம். அதே டெக்கில் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். எனவே அதை இன்றே தனிப் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். நாடாவைத் துடைத்துச் சுற்றுவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கேசட் மாற்றித் தரும் ஸ்டுடியோவில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், பூஞ்சையை எப்படி எடுப்பார்கள் என்று கேளுங்கள். “ஓட்டினால் தானாகப் போய்விடும்” என்று பதில் வந்தால் கேசட்டோடு திரும்பிவிடுங்கள்.

திட்டு இல்லாத இரண்டையும் நீங்களே ஏற்றலாம். கேசட்டின் முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை முதலில் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. டெக்கைச் சோதிக்க, வேண்டாத சினிமா கேசட் ஒன்றைப் போடுங்கள். ரப்பர் பாகங்கள் தேய்ந்த டெக், நாடாவை வெளியே இழுத்துச் சிக்கவைத்துவிடும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் புது டெக் கிடைக்காது. கையில் இருப்பதைப் பக்குவமாக நடத்துங்கள்.

கேசட்டைக் கடைசி வரை ஓடவிட்டு மறுபடி முழுதாகச் சுற்றிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். ஒரு மணி நேரப் படம் ஏற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். மென்பொருளில் நம் ஊர் வீடியோ முறையான ‘பால்’ (PAL) முறையையும் 720×576 அளவையும் தேர்ந்தெடுங்கள். ‘என்.டி.எஸ்.சி.’ என்பது அமெரிக்காவில் எடுத்த கேசட்டுக்கு. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 வடிவத்தில் வினாடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்குச் சுமார் 3.6 ஜி.பி. ஆகும், அதற்குக் கீழே கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டி.வி.யின் 4:3 வடிவத்தை அகலத்திரைக்கு இழுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து குண்டாகிவிடுவார்கள். இதய வடிவச் சட்டங்களும், நாதஸ்வரத்தை அமுக்கிவிட்டு ஓடும் சினிமாப் பாட்டும் இப்போது எரிச்சலூட்டலாம். அவற்றையும் வெட்டாமல் முழுப்பதிவை வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்பத் தனியாகச் சுருக்குங்கள்.

எழுதிய டி.வி.டி.யை மட்டும் நம்பாதீர்கள்; அதுவும் வெயிலிலும் ஈரத்திலும் கெடும். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டுகளைத் தூக்கி எறியாமல், முழுதாகச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, ஈரம் படாத இடத்தில் அடுக்குங்கள். நாளை இதைவிட நல்ல டெக் கிடைத்தால் மறுபடி பதிவு செய்யலாம்.