கிதார் செய்யப் போகிறேன் என்கிறான் மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

பிளஸ் டூ முடித்த மகன் கிதார் செய்யும் தொழிலுக்குத்தான் போவேன் என்கிறான். பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்துவிட்டார். ஒன்பது லட்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும், தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தை வைக்காதீர்கள் அம்மா. கம்ப்யூட்டர் பாடத்தில் மனமே ஒட்டவில்லை என்று நீங்களே எழுதும் பையனுக்கு வாங்கும் சீட் அது. நாளைக்கு அரியர் விழுந்தால் தவணையைப் பெரியப்பா கட்ட மாட்டார்.

அதற்காக, கிதார் செய்து விற்றே பிழைத்துவிடலாம் என்று அவன் நினைப்பதும் சரியில்லை. கையால் ஓர் அக்கூஸ்டிக் கிதார் செய்ய நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனியாளாக ஆண்டுக்குப் பத்து செய்வதே பெரிய காரியம். பெயர் வரும்வரை பட்டறை வாடகையைக் கட்டுவது பழுதுவேலைதான். முதலில் ரிப்பேர், பிறகுதான் புதுக் கருவி. இந்த வரிசையை அவன் ஏற்கிறானா என்று கேளுங்கள்.

ரிப்பேரில் அதிகம் வருவது ஃப்ரெட் வேலை, அதாவது கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோக மெட்டுகளைச் சரிசெய்வது. கம்பி ‘ஸ்ர்ர்’ என்று அதிர்கிறது என்று கருவியைக் கொண்டுவருவார்கள். முதலில், ஏதாவது ஃப்ரெட் பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பியதை அடித்து இறக்காமல் அராவினால் நல்ல ஃப்ரெட்டுகளும் வீணாகும். அடுத்து, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருப்பிக் கழுத்தை நேராக்க வேண்டும். வளைந்த கழுத்தில் அராவினால் வளைவு சரியானதும் மேடுபள்ளம் திரும்ப வந்துவிடும். ஃப்ரெட் உச்சிகளில் மார்க்கரால் மை பூசி, நேரான கட்டையில் ஒட்டிய 400 எண் உப்புத்தாளால், எல்லா ஃப்ரெட்டிலும் மை அழியும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு குழிவான அரத்தால் ஒவ்வொன்றின் உச்சியையும் மறுபடி உருண்டையாக்கி, தட்டையான பகுதி மெல்லிய கோடாக மட்டும் மிஞ்சும்போது நிறுத்தி, 600, 1000, 2000 எண் தாள்களால் பளபளப்பாக்க வேண்டும். உச்சி தட்டையாகவே நின்றுவிட்டால் சுருதி சேராது. புதிதாகப் பழகுபவருக்கு இதிலேயே ஒரு நாள் போய்விடும். உங்கள் ஊரிலும் மதுரையிலும் மூன்று இசைக்கருவிக் கடைகளில் இதற்கு என்ன கூலி என்று அவனையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

புதுக் கருவியில் கெடுப்பது காற்றின் ஈரம். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் பல மாதம் அது 70 சதவீதத்தைத் தாண்டும். அந்த ஈரத்தில் ஊறிய பலகையை ஒட்டிச் செய்த கிதாரை ஏ.சி. அறையில் வைத்தால் மேற்பலகை குறுக்குவாட்டில் சுருங்கப் பார்க்கும், உள்ளே ஒட்டிய சட்டங்கள் விடாது, நார் ஓட்டத்தோடு விரிசல் விழும். 45 சதவீத ஈரத்தில் ஒட்டுவதற்கு ஒரு சிறிய மூடிய அறையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஈரமானியும் வேண்டும். விலை உயர்ந்த உளிகளுக்கு முன்னால் காசு போக வேண்டியது இங்கேதான். ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகையை ரசீதில்லாமல் வாங்கவே கூடாது. அது 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது, பலகைக்குக் கிடைக்கவில்லை.

முதல் கருவியாக மாண்டலினை எடுக்கச் சொல்வேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழியில் கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இரட்டைக் கம்பிகள் எட்டு வேண்டாம், ஒற்றைக் கம்பிகள் ஐந்து போதும். கடையில் தொங்குபவை பெரும்பாலும் எட்டுக் கம்பி. ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின் திடமான கட்டையில் செய்வது, மெல்லிய பலகை வளைக்கும் வேலை கிடையாது. கம்பி நீளம் சுமார் 350 மி.மீ. அதை 17.817ஆல் வகுத்தால் 19.6 மி.மீ., அதுதான் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) முதல் ஃப்ரெட். மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. வீணையின் மெட்டுகள் மெழுகில் உட்காருவதால் காதால் கேட்டு நகர்த்தலாம். இங்கே பள்ளம் அறுத்த பிறகு நகர்த்த முடியாது.

மர வேலைக்கு அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு கார்பென்டர் பிரிவு இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. ‘ஐ.டி.ஐ.யா?’ என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இழைப்புளி பிடிக்கவும், நார் பார்த்து மரம் அறுக்கவும் தெரியாதவன் கிதார் பக்கம் போக முடியாது.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. அவனுக்குப் பிடித்தது வாசிப்பதா, செய்வதா? ஓர் எலும்புத் துண்டும் இரண்டு அரமும் வாங்கிக் கொடுத்து, பழைய கிதாருக்கு நட் செய்யச் சொல்லுங்கள். ஆறு பள்ளம். ஒன்று கொஞ்சம் ஆழமானாலும் விரல் வைக்காத கம்பி ‘ஸ்ர்ர்’ என்று அதிரும், மறுபடி முதலிலிருந்து. மூன்று துண்டு கெட்ட பிறகும் நான்காவதை எடுத்து உட்கார்ந்தால் ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்குங்கள். முதல் துண்டிலேயே எழுந்து போய் வாசிக்க ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பேசலாம். இரண்டில் எதுவானாலும், வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொன்ன அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள்.