சியான் குழுச் சுற்றுலா: 799 யுவானா, 1,980 யுவானா?

கேள்வி: மகன் ஷாங்காயில் வேலை பார்க்கிறான். அக்டோபர் முதல் வாரம் அவனுக்கு லீவு. நானும் மனைவியும் அப்போது அங்கே இருப்போம். சியான் நகரத்துக்கு மூன்று நாள் குழுச் சுற்றுலா போய்வரலாம் என்று இரண்டு விளம்பரங்கள் அனுப்பியிருக்கிறான். ஒன்று ஆளுக்கு 799 யுவான், இன்னொன்று 1,980. ஷாங்காயிலிருந்து போகவர ஆகும் செலவு இரண்டிலும் சேரவில்லை. காட்டும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாங்கள் சைவம். (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: முதலில் 799-ஐப் பிரித்துப் போடுங்கள். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த மண்சிலைப் படைதான் சுடுமண் வீரர்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் 120 யுவான். நகர மதில்மேல் ஏற 54. மிச்சம் 625. இரண்டு இரவு ஓட்டல், மூன்று நாள் பஸ், வழிகாட்டியின் கூலி, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கி, நடத்துகிறவருக்கும் நாலு காசு நிற்க வேண்டும். அடங்காது. விட்ட காசை வழியில் பிடிப்பார்கள். ஜேட் என்ற பச்சை மணிக்கல் விற்கும் கடை, பட்டுக் கடை, சுடுமண் பொம்மை செய்யும் பட்டறை என்று பஸ் நிற்கும் இடங்கள்தான் உங்கள் கட்டணத்தின் மறுபாதி.

பிடிக்க இன்னொரு வழி, பட்டியலில் இருக்கும் இடத்தை வாசலோடு காட்டுவது. சீன மொழியில் உள்ள நிகழ்ச்சி நிரலை மகனை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘பெரிய காட்டு வாத்து பகோடா, வடக்குச் சதுக்கம்’ என்று இருந்தால், அந்தச் சதுக்கத்துக்கு டிக்கெட்டே கிடையாது. நீரூற்றைப் பார்த்துவிட்டு வண்டி ஏற வேண்டியதுதான். பகோடா இருக்கும் கோயிலுக்குள் போவது வேறு, பகோடாவில் ஏறுவது வேறு. ஏறத் தனிக் கட்டணம். நம் காஞ்சிபுரம் வரை வந்துவிட்டு கி.பி. 645-ல் ஊர் திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளைப் பத்திரப்படுத்த 652-ல் எழுப்பிய கோபுரம் அது. நாம் அதை வெளியில் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவதா! மதிலுக்கும் இதே கதை. ‘மேலே ஏறுதல்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மிங் காலத்து மதில், சுற்றளவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர், மேலே வாடகை சைக்கிள் கிடைக்கும். கீழே நின்று பார்த்தால் அது வெறும் சுவர்.

‘முதல் பேரரசரின் பாதாள அரண்மனை’ என்று ஒரு வரி இருந்தால் உஷார். சின் ஷி ஹுவாங்கின் கல்லறை அறை இன்றுவரை தோண்டப்படவில்லை. மண்மேடாகத்தான் இருக்கிறது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்றால் அது பிற்காலத்தில் கட்டிய மாதிரி.

அடுத்து நேரம். என்னைக் கேட்டால் விலையைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். சுடுமண் வீரர்கள் இருக்குமிடம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் கிழக்கே, லின்தோங்கில். 1974-ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்டது. மூன்று குழிகள் உண்டு. எல்லாரும் முதல் குழியின் முன்பக்கக் கம்பியில் முண்டியடித்து நிற்பார்கள். பத்து நிமிடத்தில் வழிகாட்டி கொடியை ஆட்டுவார். இரண்டாவது குழியில் கிடைத்த மண்டியிட்ட வில்வீரனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பார்கள். பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால், மடங்கிய காலின் செருப்பு அடியில் தைத்த தையல்கூடப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதையெல்லாம் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். 1,980 திட்டத்தில் அங்கே எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஒன்றரை மணி’ என்று பதில் வந்தால் அதுவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டிய வாரம் முழுக்க நாடே லீவு போட்டு ஊர் சுற்றும். ஓட்டல் விலை ஏறும், குழிகளின் ஓரம் கால் வைக்க இடம் இருக்காது. மகனுக்கு ஒரு வாரம் தள்ளி லீவு கிடைத்தால் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு பார்க்கலாம்.

உள்ளூர்க் குழு என்றால் வழிகாட்டி பேசுவது சீனம் மட்டுமே. மகன் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே வர வேண்டும். என் யோசனை: இரண்டையும் விட்டுவிடுங்கள். ஷாங்காயிலிருந்து விமானத்திலோ அதிவேக ரயிலிலோ நீங்களே போய், ஊருக்குள் நல்ல ஓட்டலாகப் பார்த்துத் தங்குங்கள். மணிக்கூண்டு, மதில், பகோடா எல்லாம் மெட்ரோவிலேயே பார்க்கலாம். லின்தோங்குக்கு மட்டும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியோடு ஒரு நாள் சிறு குழு எடுத்தால் போதும். அருங்காட்சியக டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும், அசலைக் கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கோதுமை ஊர் அது. லியாங்பி என்று குளிர்ந்த பட்டை நூடுல்ஸ், மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றித் தருவார்கள், நம் நாக்குக்கு ஒத்துப்போகும். முஸ்லிம் தெருவில் ஆட்டுக்கறி மணம் தூக்கும், ஆனால் அங்கேயே சீமைப் பனிச்சை (பெர்சிமன்) பழத்தில் பொரித்த இனிப்பு அப்பமும் கிடைக்கும். ‘கறி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் கூடாது’ என்று மகனைச் சீனத்தில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘சைவம்’ என்றால் எலும்புச் சாற்றில் வெந்த காய்கறி வரும்.

கேள்வி: சியான் குழுச் சுற்றுலாவில் திட்டத்திலேயே இல்லாத ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்கள். லான்தியான் ஜேட் என்று சொல்லி வளையல் விற்றார்கள், 2,600 யுவான். பினாங்கு திரும்பிக் காட்டினால் சாயம் ஏற்றிய கல் என்கிறார்கள். ஊர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பணம் வருமா? (பினாங்கு வாசகி)

பதில்: வர வாய்ப்பு உண்டு, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். 2013 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு உங்கள் பக்கம். இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டாலோ பயணிகளே கேட்டாலோ தவிர, நிறுவனம் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மீறினால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தந்து பணம் கேட்கலாம். கடையோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம், சுற்றுலா நிறுவனமே முதலில் தன் கையிலிருந்து தர வேண்டும்.

இன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ரசீது, நிகழ்ச்சி நிரல், வளையலின் படம், கல்லைச் சோதித்த அறிக்கை. நகைக்கடைக்காரர் வாயால் சொன்னது போதாது, ஆய்வகச் சான்று வாங்குங்கள். பதில் இல்லையென்றால் சியான் நகர நிர்வாகத்தின் 12345 புகார் எண் இருக்கிறது. சீனம் தெரிந்தவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் மறுப்புப் பதிவு செய்யுங்கள். போலியை அசல் என்று விற்றது நிரூபணமானால், அந்நாட்டு நுகர்வோர் சட்டப்படி மூன்று மடங்கு இழப்பீடு கேட்கவும் இடமுண்டு. ஆனால் கடைக்குப் போக ஒப்புதல் என்று முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்களா, யோசித்துப் பாருங்கள். வாங்கியிருந்தால் 35-ஆவது பிரிவு வலுவிழக்கும், போலி விற்பனை என்ற வாதம்தான் மிஞ்சும்.

கேள்வி: வழிகாட்டிக்கு ஆளுக்கு 100 யுவான் டிப்ஸ் கட்டாயம் என்கிறார்கள். தரத்தான் வேண்டுமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு வழிகாட்டி டிப்ஸ் கேட்பதையே தடுக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று நீங்களாகத் தந்தால் அது உங்கள் இஷ்டம். ஒப்பந்தத்திலேயே ‘சேவைக் கட்டணம்’ என்று போட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டும் அது டிப்ஸ் அல்ல, விலையில் சேர்ந்தது. பதிவு செய்யும்போதே அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை ஒப்பிடுங்கள்.