ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும் சரியாகத் தெரிந்தால் போதுமா?

போதாது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக்குழாய்களும் (பெருந்தமனிகள்) இடம் மாறியிருக்கும் குறையில் நான்கு அறைகளும் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். கோளாறு அதற்கு மேலே, இரத்தக்குழாய்கள் கிளம்பும் இடத்தில்தான். அதனால் ஸ்கேன் கருவியைக் குழந்தையின் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல இதயத்தில், உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மகாதமனியும் நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். இந்தக் குறையில் இரண்டும் இணையாக ஓடும். இடது கீழறையிலிருந்து கிளம்பும் குழாய் சீக்கிரமே இரண்டாகப் பிரிகிறதா? அப்படியென்றால் அது நுரையீரல் தமனி, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது.

18 முதல் 22 வாரத்துக்குள் தெரிந்துவிட்டால், குழந்தைகளுக்கான இதய சிகிச்சை உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம். பிறந்ததும், கருவிலிருந்தே இரு தமனிகளையும் இணைக்கும் குழாய் மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து, அப்புறம் சில நாட்களிலோ வாரங்களிலோ குழாய்களை மாற்றிப் பொருத்தும் அறுவை. வெளியேறும் குழாய்களையும் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.