ஹோம்ஸ்கூலிங்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் படிக்கவைத்து, என்ஐஓஎஸ் எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுத வைத்தவள் நான். கேள்விகளைத் தொடங்கலாம்.

பள்ளிக்கு அனுப்பாவிட்டால் கேஸ் போடுவார்களா அக்கா?
6 முதல் 14 வயதுவரை பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. ஜெர்மனியில் அப்படியில்லை, அங்கே பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும். பாதியில் நிறுத்துவதானால் முறையாக டிசி வாங்குங்கள். இடைநின்ற பிள்ளையைத் தேடி ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். அவர்கள் செய்வது நல்ல வேலை.

பத்தாவது எப்படி எழுதுவது?
என்ஐஓஎஸ்ஸில் 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்கணும். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டில் ஒன்பது வாய்ப்பு. பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். தமிழை விட்டுவிடாதீர்கள், டிஎன்பிஎஸ்சி-யில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். "பாஸ் கேரண்டி" என்று பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

நீட்?
எழுதலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2018-இல் வந்த தடை இப்போது இல்லை. ஆனால் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அங்கிருந்து பிள்ளையை எடுக்குமுன் இதை யோசியுங்கள்.

நல்ல சென்டர் நம்பர் கொடுங்க.
தரமாட்டேன். என்ஐஓஎஸ் இணையதளத்தில் நீங்களே பதியலாம்.

இது புதுப் பெயரில் குலக்கல்விதானே?
இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் தம்பி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது, பின்னாலேயே மதிய உணவு வந்தது. அப்படிப் போராடித் திறந்த பள்ளிவாசலை நான் லேசாக நினைக்கவில்லை. அரசு பிள்ளையை வெளியே அனுப்புவதும், எழுத்துக் கூட்டவே திணறிய என் மூத்தவனை நான் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றல்ல. ஆனாலும் உங்கள் கோபம் நியாயம். பகலெல்லாம் ஒருவர் வீட்டிலிருக்க முடிகிற குடும்பத்துக்குத்தான் இது கைகூடுகிறது.

அப்போ எல்லாச் சாதிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடுவது?
அதை வீட்டில் கொடுக்கவே முடியாது. நூலகம், விளையாட்டுத் திடல், தெருப் பிள்ளைகள் என்று தேடிப்போய்ச் சேர்க்க வேண்டும். தன் சனத்துக்குள்ளேயே பொத்தி வளர்க்கத்தான் ஹோம்ஸ்கூலிங் என்றால் தயவுசெய்து வேண்டாம்.

சோஷியலா பழகுவாங்களா?
மேலே சொன்னதுதான்.

இல்லம் தேடிக் கல்வியில் சேர்ந்தால் போதுமா?
போதாது. அது 2021-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென வந்த மாலைநேர உதவி.

சென்டர் ஏதாவது?
மறுபடியும் சொல்கிறேன், இடைத்தரகர் வேண்டாம்.

முதல் வகுப்பு. தினமும் அழுகிறான், நாளைக்கே நிறுத்தலாமா?
கூடாதும்மா. ஏன் அழுகிறான் என்று முதலில் பாருங்கள். அடியா, கழிப்பறையா, பக்கத்துப் பையனா? டீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். கோபத்தில் எடுக்கும் முடிவு இரண்டு மாதத்தில் உங்களையே களைக்க வைக்கும்.

எனக்கு ஆசை, வீட்டுக்காரர் ஒத்துக்கவில்லை.
அவர் ஒத்துக்கொள்ளும்வரை தொடங்காதீர்கள். கோடை விடுமுறையில் இருவரும் முறைவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறக்குமுன் பேசி முடிவெடுக்கலாம்.