பீரங்கிக் குண்டில் பறந்த முன்ஹௌசன் உண்மையில் ராணுவத்தில் இருந்தாரா?

"பீரங்கிக் குண்டின் மேல் ஏறிப் பறந்ததாகக் கதை அளந்த பரோன் முன்ஹௌசன் கற்பனைப் பாத்திரமா, நிஜ மனிதரா? அவர் ராணுவத்தில் பணியாற்றியது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜ மனிதர்தான். ராணுவத்திலும் இருந்தார், அதுவும் ரஷ்ய ராணுவத்தில். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவைப் பற்றி விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் எனக்கு அவருடைய குண்டுச் சவாரியைவிட அவருக்குக் கிடைக்காமல்போன பதவி உயர்வுகளே சுவையாகத் தெரிகின்றன.

ஹீரோனிமுஸ் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபொன் முன்ஹௌசன் 1720 மே 11 அன்று, வேஸர் ஆற்றங்கரையில் உள்ள போடன்வெர்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அது ஹனோவர் நாட்டைச் சேர்ந்த ஊர். பழைய குலம், பெரிய பெயர், ஆனால் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். தந்தையும் ராணுவ அதிகாரிதான். பையனுக்கு நான்கு வயதானபோதே இறந்துவிட்டார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அன்றைய ஜெர்மனியில் வழிகள் குறைவு. இருக்கும் நிலத்தைக் கூறுபோட்டால் யாருக்கும் போதாது; வணிகம் செய்வது குலத்துக்கு இழுக்கு. மிஞ்சுவது ஏதாவது ஓர் இளவரசரின் அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்ந்து, அவர் தயவில் படை அதிகாரி ஆவதுதான். எந்த நாட்டுப் படை என்பதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மன்னர்களிடம் சம்பளம் வாங்கிய காலம் அது.

ஹீரோனிமுஸும் பிரன்ஸ்விக் அரச குடும்பத்தில் பணிச்சிறுவனாகச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்து இளவரசர் அன்டன் உல்ரிஷ், ரஷ்யப் பேரரசி அன்னாவின் சகோதரி மகளை மணப்பதற்காக ரஷ்யாவில் தங்கியிருந்தார். 1738இல் பையன் அவரிடம் போய்ச் சேர்ந்தான். அப்போது ரஷ்யா துருக்கியருடன் போரிட்டுக்கொண்டிருந்தது. பின்னாளில் வந்த கதைகளின் துருக்கிப் போர் இதுதான்.

1739 இறுதியில், அன்டன் உல்ரிஷின் பெயரைத் தாங்கிய பிரன்ஸ்விக் கவசக் குதிரைப்படையில் கார்னெட் என்ற கடைநிலை அதிகாரிப் பதவி அவருக்குக் கிடைத்தது. படை இருந்தது ரீகாவில், அதாவது இன்றைய லாத்வியாவின் தலைநகரில். அடுத்த ஆண்டே அதிர்ஷ்டம் அடித்தது. பேரரசி அன்னா 1740 அக்டோபரில் இறந்தார். அன்டன் உல்ரிஷின் கைக்குழந்தை ஆறாம் இவான் பேரரசன் ஆனான்; குழந்தையின் தாய் சில வாரங்களில் ஆட்சிப் பொறுப்பை ஏற்க, தந்தை படைகளுக்கெல்லாம் தலைவர் ஆனார். அந்த நவம்பரிலேயே நம் ஆள் லெப்டினன்ட். வயது இருபது. எஜமானின் கை ஓங்கும்போது அடியாருக்கும் படியளக்கப்படுவது எந்த அரண்மனைக்கும் பொதுதானே.

ஓராண்டுதான். 1741 இறுதியில் ஒரே இரவில், மகா பீட்டரின் மகள் எலிசபெத் காவற்படையின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றினார். குழந்தைப் பேரரசனையும் பெற்றோரையும் சிறைபிடித்தார். அந்தக் குடும்பம் முதலில் அடைக்கப்பட்டது எங்கே தெரியுமா? முன்ஹௌசனின் படை நிலைகொண்டிருந்த அதே ரீகாவில். பின்னர் அவர்களை வடக்கே ஹோல்மகோரிக்குக் கொண்டுசென்றார்கள். இவான் தனியே சிறைப்பட்டு 1764இல் கொல்லப்பட்டார். அன்டன் உல்ரிஷ் ஹோல்மகோரியிலேயே 1774இல் இறந்தார். முன்ஹௌசன் இளவரசரின் பரிவாரத்திலேயே தங்கியிருந்தால் அவர் கதையும் பனியில் புதைந்திருக்கும். படைக்கு மாறிப்போனது உயிரைக் காத்தது. ஆனால் சிபாரிசுக்கு இனி ஆள் இல்லை. முதல் உயர்வு ஓராண்டுக்குள் வந்தது, அடுத்த உயர்வுக்குப் பத்தாண்டு காத்திருந்தார். 1750இல்தான் ரிட்மைஸ்டர், அதாவது குதிரைப்படை கேப்டன் ஆனார்.

இடைப்பட்ட காலத்தில் பெரிய வீரச்செயல் எதுவும் பதிவில் இல்லை. குறிப்பிடத்தக்க ஒரு நாள் உண்டு. 1744இல் ஜெர்மனியிலிருந்து ஒரு பதினான்கு வயதுப் பெண் தாயுடன் ரீகா வழியாக ரஷ்ய அரண்மனைக்குப் போனாள். அவளை வரவேற்ற மரியாதைக் காவலுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் முன்ஹௌசன். அந்தப் பெண்தான் பிற்காலத்தில் மகா கேத்தரின். குண்டில் ஏறிப் பறப்பதைவிட இது எனக்கு வியப்பாக இருக்கிறது! அதே ஆண்டு அந்த வட்டாரத்து நிலக்கிழார் வீட்டுப் பெண் யாக்கோபீனாவை மணந்துகொண்டார். நாற்பத்தாறு ஆண்டுகள் நீடித்த திருமணம் அது.

கேப்டன் பதவி வந்த கையோடு, சொந்த ஊரில் பாகப்பிரிவினை வேலை என்று விடுப்பு வாங்கிக்கொண்டு மனைவியுடன் போடன்வெர்டருக்கு வந்தார். திரும்பிப் போகவே இல்லை. விடுப்பு முடிந்தும் வராததால் 1754இல் படைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள்.

பிறகு பண்ணை, வேட்டை, விருந்து. ஆற்றின் மறுகரையில் 1763இல் ஒரு சிறு மண்டபம் கட்டி, அங்கே நண்பர்களைக் கூட்டி, சாப்பாட்டுக்குப் பின் ரஷ்யக் கதைகள் சொல்வார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாராம். கேட்டவர்கள் யாரும் ஏமாறவில்லை, ஏமாற்ற அவர் நினைக்கவும் இல்லை. அதனால்தான் 1951இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், பொய் நோய் சொல்லி மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களின் கோளாறுக்கு இவர் பெயரை வைத்தது இவருக்கு இழைத்த அநியாயம் என்பேன்.

அநியாயம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ருடால்ஃப் எரிக் ராஸ்பே என்றொரு அறிஞர், காஸெல் நகர அரசரின் சேகரிப்பிலிருந்து நாணயங்களைத் திருடி விற்றுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடியவர். அவர் 1785இல் இந்தக் கதைகளை, பரோன் தானே சொல்வதுபோல, தன் பெயர் போடாமல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டே கவிஞர் பூர்கர், அவரும் பெயர் போடாமல், கூடுதல் கதைகள் சேர்த்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். பூர்கர் பாடம் நடத்திய கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர் இதே முன்ஹௌசன் குலத்து அமைச்சர் ஒருவர் என்பது தனி வேடிக்கை.

அந்தப் புளுகு மூட்டைக்குள் ஒரு வரலாற்றுச் செய்தியும் இருக்கிறது: தொட்டில் பேரரசனும் பெற்றோரும் நாடுகடத்தப்பட்ட புரட்சியின்போது பரோன் பீட்டர்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்புகிறார். புரட்சி உண்மை. கிளம்பியதுதான் பொய். தோற்ற பக்கத்தின் ஆள் என்ற முத்திரையோடு அவர் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ரஷ்யப் படையிலேயே வேலை பார்த்தார்.

புத்தகம் அவரை 'பொய்க்கார பரோன்' ஆக்கிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வீட்டு வேலையாட்கள் விரட்ட வேண்டியிருந்தது. மனைவி 1790இல் இறந்தபின், 1794இல் தம்மைவிட ஐம்பது வயதுக்கு மேல் இளைய பெண்ணை மணந்து, பிறந்த குழந்தை தம்முடையதல்ல என்று மறுத்து, விவாகரத்து வழக்கில் பணத்தைத் தொலைத்தார். 1797 பிப்ரவரி 22 அன்று வாரிசு இல்லாமல் இறந்தார். போடன்வெர்டரில் அவர் வாழ்ந்த வீடு இன்று நகர மன்றம். முதல் மனைவியின் ஊரான லாத்வியாவின் துண்டேயில் அவருக்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.