‘23 பேர் குழுவில் மூன்று பேர்தான் வாய் திறக்கிறோம்’

கேள்வி: தமிழக அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்காக 23 பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். ஆளுக்கொரு பாடம் படித்து நோட்ஸ் போடுவது, இரவு 9 மணிக்கு கூகுள் மீட்டில் பேசுவது என்று ஏற்பாடு. இரண்டே மாதத்தில் குழு முழுக்க பிடிஎஃப். மீட்டில் மூன்று பேர் பேசுகிறோம், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கலைத்துவிடலாமா?
- வாசகி, செய்யாறு

பதில்: கலைக்க வேண்டாம், பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு பேர். 1913-லேயே ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுக்கும் பலம் குறைவதை அளந்து எழுதினார். 23 பேர் இருக்கும் இடத்தில் ‘நான் பேசாவிட்டால் என்ன’ என்று எல்லோருக்கும் தோன்றும். ஐந்து பேரில் ஒருவர் பேசாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பழைய பெரிய குழு ஹால் டிக்கெட், அறிவிப்பு போன்ற செய்திகளுக்கு மட்டும் இருக்கட்டும். அதில் அட்மின்கள் மட்டுமே செய்தி போடும்படி மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஏற்பாட்டில் பெரிய தவறு, பாடத்தைப் பிரித்துக்கொண்டதுதான். அலுவலக வேலையைப் பங்கு போடலாம், தேர்வைப் பங்கு போட முடியாது. 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். புவியியலுக்கு அழகாக நோட்ஸ் எடுத்த தோழி, தமிழை அடுத்தவர் நோட்ஸை நம்பி விட்டிருந்தால் அவர் நிலை என்ன? நோட்ஸால் லாபம் எழுதியவருக்கு மட்டும்தான். வாங்கி வைத்தவருக்குப் படித்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வரும், அது ஆபத்தானது.

ஆகவே படிப்பது எல்லோரும் ஒரே பகுதியை, தனித்தனியாக, பள்ளிப் பாடநூலிலிருந்தே. பிரிக்க வேண்டியது கேள்வி தயாரிக்கும் வேலையை. அன்றைய பகுதியைப் பக்க வாரியாக ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கு ஐந்து கேள்வி, நான்கு விடைகளோடு, மாலை 6 மணிக்குள். ஒவ்வொன்றின் கீழும் வகுப்பு, இயல், பக்கம், பதிப்பு ஆண்டு கட்டாயம். பக்கம் இல்லாத கேள்வி சேராது. கண்ட கண்ட பிடிஎஃப்பில் இருக்கும் தவறான விடைகள் உள்ளே நுழையாமல் தடுப்பது இந்த ஒரு விதிதான். அன்றைய பொறுப்பாளர் 25-ஐயும் கூகுள் ஃபார்மில் ஏற்றிவிடுவார். திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் பொறுப்பு.

இரவு 50 நிமிடம் போதும். மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும், அதற்குள் அடங்கிவிடும். முதல் 20 நிமிடம் மௌனம்: எல்லோரும் ஃபார்மில் விடை போடுவது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் (poll) நடத்தாதீர்கள். எந்த விடைக்கு எத்தனை ஓட்டு என்று அங்கே தெரிவதால், தெரியாதவர்கள் கூட்டம் போகும் பக்கம் போய்விடுவார்கள். அடுத்த 25 நிமிடம், இரண்டு பேராவது தவறிய கேள்விகளை மட்டும் எடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நாளைய பக்கங்களைப் பிரித்துவிடுங்கள்.

அந்த 25 நிமிடம்தான் குழுவின் உயிர். ‘ஊறுகாய்’ என்ன தொகை என்று கேட்டு, இருவர் பண்புத்தொகை என்று போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். சரியாகப் போட்டவர் உடனே விளக்கக் கூடாது. தவறியவர் முதலில் பேச வேண்டும்: ‘காயோட தன்மையைத்தானே சொல்லுதுன்னு போட்டேன்.’ இப்போது குழப்பம் எங்கே என்று தெரிந்துவிட்டது. அதன்பின் இன்னொருவர், ‘செங்காந்தளைப் பிரித்தால் செம்மை என்ற பண்பு வருகிறது. ஊறுகாயில் ஊறு என்பது வினை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் வருகிறதே, அதனால் வினைத்தொகை’ என்று சொன்னால் போதும். தவறியவரே ‘குடிநீர்’ என்பதைப் பிரித்துக் காட்டினால் அந்தக் கேள்வி முடிந்தது. எல்லாம் தெரிந்தவர் எப்போதும் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்ற நால்வரின் மூளையும் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மைக்கை அணைத்துக்கொண்டவர்களைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். தவறியதைச் சொல்வதுதான் எல்லோருக்கும் முறை என்றானபின் கூச்சம் தானாகக் கரையும். டேட்டா இழுக்கிறது என்றால் கேமரா வேண்டாம், குரல் போதும். சிக்னல் விட்டுப்போனவர் அதே ஃபார்மைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். சொல்லாமல் மூன்று நாள் வராதவர் அடுத்த ஞாயிறு வரை வெளியே. இதை முதல் நாளே பேசி வைத்தால் பிறகு மனவருத்தம் இருக்காது.

சனிக்கிழமை புதிய பாடம் வேண்டாம், அந்த வாரம் தவறிய கேள்விகள் மட்டும். ஞாயிறு காலை, டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலிருக்கும் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து, அவரவர் வீட்டில் தனியாக எழுதுங்கள். முதல் வாரம் நீங்கள் தயாரிக்கும் கேள்விகள் எல்லாமே ‘எழுதியவர் யார்’ வகையாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். பழைய தாளில் பொருத்துக, கூற்று-காரணம் கேள்விகளுக்குத் தவறான விடைகளை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த வாரம் ஆளுக்கு ஐந்தில் குறைந்தது இரண்டு அந்த வகையில் வரட்டும்.